அடிப்பூச்சு

ஐம்பத்தெட்டாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். வண்ணாரப்பேட்டை தவசிமுத்து அண்ணாச்சி கடையில் என் மனைவி பச்சையம்மாள் பேரில் நின்ற பாக்கி அவ்வளவு. பேர் அவளுடையது, கடன் எங்கள் இருவருடையது.

பச்சையம்மாள் அவரிடம் பிளாஸ்டிக் குடம், வாளி, கூடை, டப்பா எல்லாம் மொத்தத்தில் எடுத்துவந்து எர்ணாவூர், எண்ணூர் பக்கம் தெருத்தெருவாகத் தவணைக்கு விற்பவள். முதலில் சரக்கு, அப்புறம் வாராவாரம் வசூல் செய்து கட்டுவது. பல வருஷம் அப்படித்தான் ஓடியது. இரண்டாயிரத்து இருபத்துமூன்று டிசம்பர் புயலில் வெள்ளம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. வெறும் தண்ணீராக வந்திருந்தால் சரக்கைக் கழுவி விற்றிருக்கலாம். கறுப்பு எண்ணெயோடு வந்தது. பொங்கலுக்கென்று வாங்கி அடுக்கி வைத்த அத்தனையிலும் எண்ணெய் ஏறிவிட்டது. சோப்பு போட்டோம், சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்தோம். நாற்றம் போகவில்லை. குடிதண்ணீர்க் குடத்தில் அந்த நாற்றம் இருந்தால் யார் வாங்குவார்கள்?

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. நாசரேத் பக்கத்துக்காரர், சாந்தமாகப் பேசுவார். வட்டி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் பழைய கணக்கு நேராகாமல் புதுச் சரக்கு கிடையாது. அது அவர் கடைச் சட்டம், எல்லாருக்கும் அதுதான். பச்சையம்மாள் தெரு வியாபாரத்தை விட்டு, நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனாள். நான் காசிமேட்டில் ஃபைபர் படகு கட்டும் வாடியில் கூலி. மாதத்தில் பாதி நாள் வேலை இருக்கும், பாதி நாள் வாடி வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் அவள் ஐநூறு ரூபாய் கட்டப் போனபோது அண்ணாச்சி கேட்டிருக்கிறார்.

"ஒங்க வீட்டுக்காரரு படகுல ஃபைபர் வேலைதான பாக்காரு? ராயபுரம் வீட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போவச் சொல்லும்மா."

போனேன். அண்ணாச்சிக்கு ஒரே மகள், மகிமா. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் கணக்கு வேலை பார்க்கிற பெண். அவள் அறையில் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி. அதில் மீனைவிடப் பவளம்தான் அதிகம். நான் முப்பது வருஷம் கடல் ஓரத்தில் வேலை செய்தவன், உயிரோடு பவளம் பார்த்தது அன்றைக்குத்தான். கல் என்று நினைத்திருந்தேன். அது பூ மாதிரி விரிந்து தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

"இது நான் வாங்கும்போது கட்டைவிரல் சைஸ் அங்கிள். பண்ணையில வளத்தது. நாலு வருஷமா வளக்கிறேன். இனிமே இதுல இடம் இல்ல" என்றாள்.

ஃபோனில் ஒரு வீடியோ காட்டினாள். எங்கோ ஒரு வெள்ளைக்காரன் ப்ளைவுட்டில் பெரிய பெட்டி கட்டி, உள்ளே ஃபைபர் போட்டு, முன்பக்கம் மட்டும் கண்ணாடி வைத்து, கடலையே அதற்குள் அடைத்திருந்தான்.

"எட்டடி நீளம் வேணும். முழுசா கண்ணாடியில விலை கேட்டேன், அப்பா மயங்கி விழுந்துட்டாங்க."

"மயங்காம என்ன செய்ய? அந்த ரூவாய்க்கு ஊர்ல தோட்டம் வாங்கலாம். இவ மீனுக்கு மாளிகை கேக்கா" என்று சிரித்த அண்ணாச்சி, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இத நீங்க கட்டிக் குடுங்க. சாமான் என் செலவு. தண்ணி ஒழுகாம நிக்கணும், பிள்ள விடுதது எல்லாம் ஒரு மாசம் நல்லா இருக்கணும். அந்தக் கணக்க அதோட நேர் பண்ணிருவோம். ஒங்க சம்சாரம் மறுபடி சரக்கு எடுக்கட்டும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். பச்சையம்மாள் அன்றைக்கே சரக்குக் கட்டும் பழைய சாக்குகளை எடுத்து உதறிக் காயப்போட்டாள்.

மர வேலைக்கு வியாசர்பாடி பீம்ராவைச் சேர்த்துக்கொண்டேன். என்னைவிட இளையவன், வாய் நீளம், கை சுத்தம். அண்ணாச்சி வீட்டுக் கீழ்க்கூடத்தில் தண்ணீர் தாங்கும் மெரைன் ப்ளை பலகைகளை இறக்கினோம். அவன் அறுத்து, பசை தடவி, துருப்பிடிக்காத ஸ்க்ரூ போட்டு முறுக்கினான். மேலே நாலு பக்கமும் கனமான சட்டம் கொடுத்தான். பெட்டி உருவானதும் உள்ளே இறங்கிப் படுத்துப் பார்த்தான்.

"இன்னா மாமு இது, மீன் தொட்டியா, நம்மள எடுத்துகினு போற பொட்டியா?"

"எந்திரிடா. நீ படுத்தா இடம் பத்தாது."

"உனுக்குத்தான் கட்டிகினு கீறேன். சோக்கா, ஏசி கணக்கா கீது."

அப்புறம் என் வேலை. பாய் மாதிரி வரும் ஃபைபர் மேட்டை வெட்டி விரிப்பது, ரெசின் பசையைக் கலந்து ஊற்றுவது, காற்றுக் குமிழி இல்லாமல் உருளையால் உருட்டுவது. கை தானாகச் செய்யும் வேலை. ஆனால் இதில் எல்லாமே தலைகீழ். படகுக்குத் தண்ணீர் வெளியே, தொட்டிக்குத் தண்ணீர் உள்ளே. படகுக் கேபினில் கண்ணாடியை வெளியிலிருந்து ஒட்டுவோம். இதிலும் அப்படியே வைக்கப் போனேன். மகிமா ஓடிவந்து, "உள்ள இருந்து வைங்க அங்கிள், தண்ணியே கண்ணாடியச் சட்டத்தோட அமுக்கிப் பிடிச்சுக்கும்" என்றாள். சரிதான் என்று பட்டது. அன்றிலிருந்து ஒவ்வொன்றையும் ஒருதரம் திருப்பிப் போட்டு யோசித்துச் செய்தேன்.

அந்த வீட்டில் எனக்குக் குறை வைக்கவில்லை. அண்ணாச்சியின் மனைவி மதியம் சோறு போடுவார், மீன் குழம்போடு. ஆனால் சாயங்காலம் ஆனால் எனக்கு உடம்பு கூசும். அண்ணாச்சி பீம்ராவ் கையில் அன்றைய கூலியைக் கொடுப்பார். அவன் எண்ணாமல் சட்டைப்பையில் வைப்பான். பக்கத்தில் நான் கையைத் தொங்கப்போட்டு நிற்பேன். எனக்கு வாங்க ஒன்றும் இல்லை. என் கூலியை மனசுக்குள் கூட்டிப் பார்த்தால் கடனில் பாதிகூட வராது. மீதி அவர் தயவு. வாங்கித் தின்ற சோறும் தயவு.

கண்ணாடி வைத்து, சிலிக்கான் பசை காய்ந்து, தண்ணீர் விட்டோம். அண்ணாச்சி தினமும் காலையில் தொட்டிக்கு அடியில் பழைய பேப்பரைப் போட்டுச் சாயங்காலம் எடுத்துப் பார்ப்பார். ஒரு வாரமும் காய்ந்தே இருந்தது. "கையில வித்தை இருக்குவே ஒமக்கு" என்றார். அவர் என்னிடம் அப்படி 'வே' போட்டு உரிமையோடு பேசினால் சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

அதோடு விட்டிருக்கலாம்.

எங்கள் வாடியில் ஒரு வழக்கம். படகுக்கு ஃபைபர் முடிந்தாலும் வேலை முடிந்ததாகச் சொல்ல மாட்டோம். தண்ணீருக்குள் இருக்கிற அடிப்பாகத்துக்குக் கடைசியாக ஒரு பெயிண்ட் உண்டு. அதை அடித்தால் சிப்பி, பாசி எதுவும் படகில் ஒட்டாது. அந்த அடிப்பூச்சை அடித்த பிறகுதான் கையைக் கழுவுவோம். அது விலை கூடின சாமான். ஒரு போட்டுக்காரர் எனக்குத் தரவேண்டிய கூலிக்குப் பதிலாக நீல நிறத்தில் ஒரு டின் கொடுத்திருந்தார். நல்ல விலை வந்தால் விற்கலாம் என்று வீட்டில் வைத்திருந்தேன். அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பீம்ராவ் டின்னைத் திருப்பிப் பார்த்தான். "இது போட்டு அடியில பூசறது ஆச்சே மாமு. இத்த வித்தா வூட்டுக்கு ஒரு மாசத்து அரிசி வாங்கலாம்."

"தெரியும்."

"அப்பால இன்னாத்துக்கு இங்க? அண்ணாச்சிக்கு சீர் செய்றியா?"

"என் கணக்குக்கு நான் எதனா போட வேணாமா? எல்லாம் அவுரு தயவாவே போய்க்கினு கீது."

அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். நான் மகிமாவைக் கூப்பிட்டேன்.

"பாப்பா, உள்ள நீலம் அடிச்சுத் தரட்டுமா? கடல் கணக்கா இருக்கும். இது என் செலவு."

"நீலம் சூப்பரா இருக்கும். ஆனா என்ன பெயிண்ட் அங்கிள்? மீனுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"கடல்ல போற போட்டுக்கே அடிக்கிறது பாப்பா. வருஷம் பூரா உப்புத் தண்ணியிலயே ஊறும். ஒரு பாசி ஒட்டாது. நீ கழுவற வேலையே இல்ல."

டின்னின் மேல் எழுதியிருந்தது எல்லாம் இங்கிலீஷ். நான் நாற்பது வயதுக்கு மேல் பச்சையம்மாளிடம் எழுத்துப் படித்தவன், தமிழையே கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். டின்னை மகிமாவிடம் நீட்டிப் படித்துச் சொல்லச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அன்று வேலை இருந்தது. எனக்கு என் சாமான் மேல் பெருமை இருந்தது. தொட்டித் தண்ணீரை இறைத்துக் காயவிட்டு, கண்ணாடி தவிர உள்பக்கம் முழுக்க இரண்டு கை அடித்தேன். காய்ந்ததும் கூடத்தில் கடல் ஒன்று வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவள் கை தட்டினாள்.

கொளத்தூரில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் பிலால், உப்பும் கல்லும் கொண்டுவந்தான். மூட்டை மூட்டையாக உப்பு இறங்குவதைப் பார்த்துப் பீம்ராவுக்குப் பொறுக்கவில்லை.

"கூப்புட்ற தூரத்துல கடல் கீது. உப்பக் காசு குட்து வாங்கிக் கலக்குறாங்களே பாய்."

"இந்தக் கடல் தண்ணிய உட்டா மீனு டீசல் ஏப்பம் உடும்பா" என்றான் பிலால்.

ஒரு மாதத்துக்கு மேல் வெறும் தண்ணீரும் கல்லும் மோட்டாருமாக ஓடியது. தண்ணீர் பழக வேண்டும் என்றார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்ததும் அவர்கள் சபைப் பாதிரியாரான ஐயர் வந்து ஜெபம் செய்தார். புதுசாக எது வந்தாலும் அந்த வீட்டில் ஜெபம் செய்துதான் தொடங்குவார்கள். என்னையும் பச்சையம்மாளையும் அழைத்திருந்தார்கள். மகிமா தன் சின்னத் தொட்டியிலிருந்து பவளங்களை ஒவ்வொன்றாக எடுத்து, கைக்குழந்தையை மாற்றிப் படுக்கவைக்கிற மாதிரி, பெரிய தொட்டியின் கல்லில் வைத்தாள். நத்தை, சின்ன இறால், ஆரஞ்சு மீன் எல்லாம் விட்டாள். அண்ணாச்சி எல்லார் முன்னாலும் எனக்குத் துண்டு போர்த்தினார்.

"கட்டுனது நம்ம கிருஷ்ணப்பன். ஒரு சொட்டு ஒழுகல."

பச்சையம்மாள் முகத்தை அப்படி நான் பார்த்து ரொம்ப நாள். வரும் வழியெல்லாம், முதல் லோடில் குடம் எத்தனை, கூடை எத்தனை என்று பேசிக்கொண்டே வந்தாள்.

அந்த வாரம் முடிவதற்குள் ஃபோன் வந்தது. அண்ணாச்சி "வாங்க" என்றார், அவ்வளவுதான்.

கூடத்தில் நுழைந்ததுமே நாற்றம். கண்ணாடி முன்னால் மகிமா தரையில் உட்கார்ந்திருந்தாள். நத்தைகள் எல்லாம் கல்லைவிட்டுக் கழன்று அடியில் கிடந்தன. இறால் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மீன்களை மட்டும் ஒரு பக்கெட்டில் மாற்றியிருந்தாள். பவளம் எல்லாம் மூடிச் சுருங்கி, சளி வைத்து, சாம்பல் நிறத்தில் தொங்கியது. அடித்த நீலம் மட்டும் புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது.

அண்ணாச்சி பிலாலைப் பிடித்திருந்தார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"என்ன உப்பு குடுத்தீரு? கலப்படமா? நாலு வருஷம்வே. பிள்ள நாலு வருஷம் வளத்தது."

"அண்ணாச்சி, அதே உப்புதான் பாப்பாவோட சின்னத் தொட்டிக்கும் குட்தேன். அது நல்லாத்தான இருந்துச்சு?"

"அப்ப கல்லு. கல்லுல என்ன வச்சீரு?"

எனக்கு அப்போதே அந்த நீலத்தின் மேல் கண் போனது. சுவரோரம் நின்றேன். பிலால் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான். நான் பிலாலின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சியின் கோபம் அவனோடு முடிந்துவிட்டால் நல்லது என்று என் மனசு நினைத்ததை நான் மறைக்கப்போவதில்லை.

பிலால் தன் பையிலிருந்து சின்னக் குழாய் ஒன்றை எடுத்துத் தொட்டித் தண்ணீரைப் பிடித்தான். சொட்டு மருந்து விட்டு ஆட்டினான். தண்ணீர் நீலமாக மாறியது. அதை அட்டையோடு வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"காப்பர் கீது. செம்பு. ரொம்ப கீது. இது உப்புலயோ கல்லுலயோ வராது அண்ணாச்சி. அல்லா மேல ஆணையா நான் செம்பு எதுவும் போடல. உள்ள இன்னா பூசினாங்க?"

யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாருக்கும் தோன்றவில்லை. அதனால் நானே சொல்ல வேண்டியதாயிற்று.

"நான்தான். போட்டுக்கு அடிக்கிற அடிப்பூச்சு."

பிலால் தலையில் கைவைத்தான். "இன்னா நைனா இது. அதுல செம்பு போட்டுத்தான் செய்வாங்க. சிப்பி, பாசி, பூச்சி எதுவும் உயிரோட ஒட்டக் கூடாதுன்னுதான அத்தப் பூசுறீங்க? போட்டுக்கு ஒட்டக் கூடாது. இங்க ஒட்டத்தான் வோணும். ஒட்டறதுக்குத்தான் தொட்டியே."

எல்லாவற்றையும் திருப்பிப் போட்டு யோசித்தவன், அதை மட்டும் திருப்பவில்லை. முப்பது வருஷமாக ஒட்டுவதைச் சுரண்டியே கூலி வாங்கினவனுக்கு, ஒட்டுவதை ஒருத்தி ஆசையாக வளர்ப்பாள் என்பது கண்ணால் பார்த்தும் புத்தியில் ஏறவில்லை.

அண்ணாச்சி என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மகிமாதான் பேசினாள், கண்ணாடியைப் பார்த்தபடியே.

"நான் கேட்டேனே அங்கிள்."

அவ்வளவுதான் சொன்னாள். வாடியில் மேஸ்திரி செவிட்டில் அறைந்திருக்கிறான். அது அன்றைக்கே போய்விட்டது. இது போகவில்லை.

"பாப்பா, தண்ணிய எறச்சுட்டு முழுசா சுரண்டி எடுத்துடறேன். புதுசா ஃபைபர் போட்டுத் தரேன். ராப்பகலா செய்றேன்" என்றேன்.

"சுரண்டுனாலும் நான் இனிமே இதுல உயிர உட மாட்டேன். எந்த மூலையில எவ்ளோ ஊறிகீதோ" என்றான் பிலால், என்னைப் பார்க்காமல்.

"நீங்க போங்க" என்றார் அண்ணாச்சி. "நான் சொல்லி அனுப்புதேன்."

பச்சையம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "ஏன்யா, அந்த டின்ன வித்துட்டு வந்து துட்டக் குடுன்னு நான் எத்தினி தபா சொன்னேன்" என்றாள். அவள் அழுதிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

அண்ணாச்சி சொல்லி அனுப்பவில்லை. ஒருநாள் பீம்ராவ் வாடிக்கு வந்தான். கையில் காயத்துக்குப் போட்ட புதுக் கட்டு.

"இன்னாடா கையில?"

"உன் தொட்டி மாமு. ஒடச்சு எட்தாரச் சொன்னாரு. காலையில ஆரம்பிச்சது, இருட்ற வரிக்கும் ஒடையவே மாட்டேங்குது. சம்மட்டி துள்ளுது. அப்டி ஒரு கட்டு கட்டிகீறே."

"என்னியும் கூப்ட்டிருக்கலாமே."

அவன் பீடியைப் பற்றவைத்தான். "கேட்டேன். வேணாம்னுட்டாரு. உன்னப் பாத்தா அந்தப் பொண்ணு ரூமுக்குள்ள போய்க் கதவ சாத்திக்குதாம்."

இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பச்சையம்மாள்தான் முடிவு செய்தாள். "ஒளிஞ்சிகினு கெடந்தா கணக்கு தீராது. கடைக்குப் போய் நேரா நிப்போம். தொட்டி போனா போவட்டும். பழையபடி வாரம் ஐநூறு கட்றோம்னு சொல்லுவோம்."

கடை வாசலில் வழக்கம்போல் பெண்கள் கூட்டம். எல்லாரும் பச்சையம்மாளுக்குத் தெரிந்தவர்கள், அவளைப்போலச் சரக்கெடுத்துத் தெருவில் விற்பவர்கள். ஒருத்தி, "இன்னாடி, உன் வூட்டுக்காரரு மீனுக்கு பங்களா கட்டினாராமே, குடித்தனம் நல்லா நடக்குதா?" என்றாள். தெரிந்து கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா, தெரியவில்லை. பச்சையம்மாள் சிரித்து வைத்தாள். நான் வாளி அடுக்குக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன்.

அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். டீ சொன்னார்.

"நானே ஆள் அனுப்பணும்னு இருந்தேம்மா. ஒங்க கணக்க நேர் பண்ணிட்டேன். ஒரு பைசா தர வேண்டாம்."

பச்சையம்மாளுக்குப் புரியவில்லை. "எப்டி அண்ணாச்சி? தொட்டிதான்..."

"தொட்டி கெடக்கட்டும். அவரு ஒழைச்சாரு. வேணும்னா செஞ்சாரு? இல்ல. தள்ளுபடின்னு வச்சிக்கிடுங்க."

அவள் முகம் மலர்ந்தது. பாவி நான், இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கர்த்தர் உங்கள நல்லா வச்சிருக்கணும் அண்ணாச்சி. அப்போ இன்னிக்கே ஒரு சின்ன லோடு எடுத்துக்கட்டா? சாக்கு கொண்டாந்துகீறேன்."

அண்ணாச்சி மேசைமேல் இருந்த கால்குலேட்டரைத் தள்ளி வைத்தார்.

"அது முடியாதும்மா. நேராக் கட்டி முடிச்ச கணக்குன்னா மறுபடி தொறக்கலாம். தள்ளுன கணக்க மறுபடி தொறக்கதில்ல. எங்க அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். ஒருத்தருக்கு மாத்துனா வெளிய நிக்கிற அத்தன பேருக்கும் மாத்தணும். ரொக்கத்துக்கு எப்பவும் வாங்க, தாராளமா."

ரொக்கம் இருந்தால் நாங்கள் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறோம்?

"அப்டின்னா தள்ளாதீங்க" என்றாள் பச்சையம்மாள். "கடன் இருக்கட்டும் அண்ணாச்சி. நான் கட்டிடுவேன். எத்தினி வருஷம் ஆனாலும் கட்டிடுவேன். அது இருந்தா நான் உங்க கடை ஆளு. அத்த எடுத்துட்டீங்கன்னா நான் யாரு?"

கடன் வேண்டும் என்று ஒருத்தி கெஞ்சி நான் கேட்டதில்லை. வெளியே பேச்சு நின்றுவிட்டது. எல்லாரும் உள்ளே பார்த்தார்கள். டீ கொண்டுவந்தவன் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "கணக்கு இருந்தா வாரா வாரம் நீங்க வரணும், இவரும் சரக்கு தூக்க வருவாரு. எனக்கு இவரப் பாத்தா பிள்ள முகம்தான் தெரியுது. கோவம் இல்லம்மா. முடியல."

நான் எழுந்தேன். "நான் வரல அண்ணாச்சி. இந்தத் தெருவுக்கே வரல. அந்தக் கடன என் பேர்ல மாத்தி எழுதிக்கோங்க. அவ கணக்கு அவளுக்கே இருக்கட்டும்."

"ஒங்க பேருல நான் என்னத்த எழுத?" என்றார். குத்திச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்ட மாதிரிதான் இருந்தது. வாங்கிக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை என்பது அவருக்கு என் எதிரிலேயே விளங்கியது.

நோட்டைத் திறந்தார். பச்சையம்மாள் பேர் போட்ட பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் தேதி போட்டார். அதற்கு நேரம் ஆகவில்லை.

"முடிஞ்சது" என்றார்.

பச்சையம்மாள் மடியில் வைத்திருந்த சாக்குகளை இடுக்கிக்கொண்டு எழுந்தாள். அவருக்குக் கும்பிடு போட்டாள். வெளியே நின்ற பெண்கள் வழி விட்டார்கள். அவளைக் கேலி செய்தவள்தான், "எவ்ளோ கட்டினீங்க?" என்று கேட்டாள்.

"எல்லாம் தீந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு, எனக்காக நிற்காமல், பஸ் ஸ்டாப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.